தடவிப் பார்க்க ஒரு பொங்கல் வாழ்த்து

ஊரை விட்டு ஊர் வந்து தனியா இருக்கிற பேங்க்காரிக்கு ஞாயித்துக்கிழமை மாதிரி நீளமான நாள் வேற கிடையாது. துணி துவைச்சு, வாரத்துக்கு வேண்டிய தேங்காயைத் துருவி ஃப்ரிட்ஜ்ல வச்சு (ஜெய்ப்பூர்லயும் தேங்காய் கிடைக்குதுங்க, விலையைத்தான் கேட்கக் கூடாது), ரங்கமணிக்கும் பையருக்கும் ஃபோன் போட்டு "சாப்பிட்டாச்சா, என்ன குழம்பு"ன்னு விசாரிச்சு முடிச்சுட்டு மணியைப் பார்த்தா, பதினொண்ணரைதான் ஆகியிருக்கும்.

2022-ல ப்ரமோஷன் வந்தது. கூடவே ட்ரான்ஸ்ஃபரும் வந்தது. பேங்க்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், அது ரெண்டும் ஒட்டிப் பிறந்த குழந்தைங்க. பையர் அப்போ பத்தாவது. ஸ்கூலை மாத்த முடியாது, ரங்கமணிக்குத் திருச்சியை விட்டு நகர முடியாது. நான் மட்டும் ரெண்டு பெட்டி, ஒரு இட்லிப் பானை, ஒரு ஃபில்டரோட மானசரோவர்ல ஒரு ரெண்டாவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அழுதேனான்னு கேட்காதீங்க. அழாமலா?

சரி, விஷயத்துக்கு வரேன். நான் வாழ்த்து அட்டை பண்ண ஆரம்பிச்ச கதை இது. அது எங்கேயோ போய் எங்கேயோ நின்ன கதையும்தான்.

ஜெய்ப்பூர்லேர்ந்து தெற்கே பதினைஞ்சு கிலோமீட்டர் போனா சாங்கானேர். விமான நிலையம் அந்தப் பக்கம்தான். அச்சுக் கட்டைத் துணிக்குப் பேர் போன ஊர்னு எல்லாருக்கும் தெரியும். அதே ஊர்ல கையால காகிதம் செய்யறதும் ஒரு பரம்பரைத் தொழில். காகஜின்னு ஒரு சமூகமே அதுக்கு இருக்கு. காகிதத்துக்கு ஹிந்தியில காகஜ், அதைச் செய்யறவங்க காகஜி. அங்கே கடன் வாங்கியிருந்த ஒரு காகிதப் பட்டறைக்கு ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் போக வேண்டி வந்தது. பி.காம் படிச்சவளுக்கு ஸ்டாக்னா என்ன? கிலோ எவ்வளவு, ரேட் எவ்வளவு, மார்ஜின் போக எவ்வளவு. அந்தக் கணக்கோடதான் உள்ளே போனேன்.

போனா, கணக்கு மறந்து போச்சு. பருத்தித் துணி வெட்டினதுல மிஞ்சற துண்டுங்கதான் அங்கே கச்சாப் பொருள். மரமே வேண்டாம். துண்டுகளைப் பொடியா நறுக்கி, தண்ணி ஊத்தி, பீட்டர்னு ஒரு பெரிய தொட்டியில மணிக்கணக்கா அரைக்கறாங்க. நம்ம வீட்டுக் கிரைண்டர்ல உளுந்து பொங்கி வருமே, அதே மாதிரி வெள்ளையா நுரைச்சு வருது. அந்தக் கூழைத் தண்ணித் தொட்டியில கரைச்சு, சல்லடைச் சட்டத்தை உள்ளே விட்டு, ஒரு ஆட்டு ஆட்டித் தூக்கினா, தண்ணி வடிஞ்சு மெலிசா ஒரு ஏடு நிக்குது. அதைத் துணி மேல கவிழ்த்து, அடுக்கி, பிரஸ்ல அழுத்தித் தண்ணியைப் பிழிஞ்சு, கொடியில கிளிப் போட்டுக் காயப் போடறாங்க. துணி காயற மாதிரியே காகிதம் காயுது. அது துணிதானே!

ஒரு தாளைக் கையில எடுத்துப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேல நோட்டு எண்ணின கட்டை விரல் என்னுது. கேஷ்ல உட்கார்ந்தவங்க யாரையும் கேட்டுப் பாருங்க, நல்ல நோட்டா கெட்ட நோட்டான்னு முதல்ல சொல்றது கண்ணு இல்லை, விரல்தான். நூறு ரூபாயிலேர்ந்து மேலே போற நோட்டுல காந்தி படம், அசோகத் தூண் எல்லாம் கொஞ்சம் மேடா இருக்கும். பார்வை இல்லாதவங்களுக்காக ஓரத்துல கோடுங்க, நூறுல ஒரு முக்கோணம், ஐநூறுல ஒரு வட்டம் எல்லாமே புடைப்பாத்தான் அச்சடிச்சிருப்பாங்க. நோட்டுக்கு வேணுங்கிற காகிதமும் பருத்தியில செய்யறதுதான். அதனாலயோ என்னவோ, அந்தச் சாங்கானேர்த் தாள் கைக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பொருள் மாதிரி இருந்துச்சு.

ஓரத்துல வெட்டிப் போட்ட துண்டுங்களை "எடுத்துட்டுப் போங்க மேடம்ஜி"ன்னாரு முதலாளி. காசு கொடுத்து, ரசீதும் வாங்கிக்கிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். (நம்ம புத்தி அப்படி. ஆடிட்டர் கனவுல வந்தாலும் வவுச்சர் காட்டணும்.)

இங்கே ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பா போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவர். திருச்சிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல சப் போஸ்ட் மாஸ்டராத்தான் ரிட்டையர் ஆனார். எண்பதுகள்ல, தொண்ணூறுகள்ல பொங்கல் வாழ்த்து எப்படிப் போச்சுன்னு என் வயசுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி பாதியிலயே கடை வாசல்ல கயிறு கட்டித் தொங்க விட்டுருவாங்க. கரும்பு, பானை, மாடு, ரஜினி, கமல், முருகன், ரோஜாப்பூ வச்ச கொழு கொழு குழந்தை எல்லாம் சிவகாசியில அச்சாகி வந்து ஜிகினா மினுங்கிட்டு நிக்கும். உறையை ஒட்டாம மடிச்சுச் செருகிட்டா புக் போஸ்ட், ஸ்டாம்ப்புக்குக் காசு குறைச்சல். ஊர்ல ஒரு பிள்ளை பாக்கியில்லாம எல்லாரும் எல்லாருக்கும் அனுப்புவாங்க. பக்கத்துத் தெரு ஃப்ரெண்டுக்குக் கூட போஸ்ட்லதான் போகணும். கையில கொடுத்தா என்ன மரியாதை?

அந்தப் பதினைஞ்சு நாள் அப்பா வீட்டுக்கு வர்றதே ராத்திரி பத்து மணிக்கு. சாக்கு சாக்கா வரும். முத்திரை குத்திக் குத்தி வலது தோள்பட்டை வீங்கிரும், அம்மா ஒத்தடம் கொடுப்பா. அதனால எங்க வீட்ல வாழ்த்து அட்டைக்குத் தடா. "ஊரே குத்தறது போதாதா, நீ வேற ஒண்ணு அனுப்பி அதையும் நான் குத்தணுமா?"ன்னு கேட்பார். கடையில வாங்கக் காசு கிடையாது. அதான் நானே பண்ணினேன். வெண்டைக்காயைக் குறுக்கா வெட்டி மையில தொட்டுக் குத்தினா பூ. நூலை மையில நனைச்சு மடிச்ச தாளுக்குள்ள வச்சு இழுத்தா இறகு. வேப்பிலையைத் தாள் மேல வச்சு, பழைய டூத் பிரஷை மையில தொட்டுச் சீப்புல தேய்ச்சா, சுத்தி எல்லாம் புள்ளியா விழுந்து நடுவுல இலை வெள்ளையா நிக்கும். அதை உறையில போட்டு அப்பா ஆபீஸ் பெட்டியிலேயே போடுவேன். அவர் கையெழுத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம குத்தி அனுப்பிருவார்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. உலகத்துல முதல்ல விலைக்கு வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-ல லண்டன்ல வந்தது. அச்சடிக்கச் சொன்னவர் ஹென்றி கோல். 1840-ல இங்கிலாந்துல பென்னி தபால் வந்தப்போ அதுக்காக வேலை பார்த்தவர்ல அவரும் ஒருத்தர். ஓவியர் ஹார்ஸ்லி படம் வரைஞ்சு, அச்சடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கையால வண்ணம் தீட்டினாங்க. ஆக, தபால்காரர் தோள்பட்டைக்கு வலி கொடுத்ததுக்கு ஆதிகாரணம் ஒரு தபால் சீர்திருத்தக்காரர்தான். அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ சிரிக்கவே இல்லை!

சரி, ஜெய்ப்பூருக்கு வரேன். தாள் வந்தாச்சு. சாங்கானேர்லயே பழைய அச்சுக் கட்டைங்க நாலஞ்சு வாங்கினேன். துணிக்குப் போடற சின்னப் பூ, மாங்காய், ஒரு கொடி. ஆபீஸ்ல மிஞ்சின ஊதா ஸ்டாம்ப் பேட்ல தொட்டுக் குத்தினா, பாதிப் பூதான் விழுது. அப்புறம்தான் புரிஞ்சது, துணி அச்சடிக்கிறவங்க மேஜை மேல கனமா மெத்தை மாதிரி போட்டுத்தான் குத்தறாங்க. தாளுக்கு அடியில ஒரு பழைய மவுஸ் பேடை வச்சேன், முழுப் பூ வந்துச்சு.

அடுத்தது எம்பாஸிங். கல்யாணப் பத்திரிகையில பிள்ளையார் பளபளன்னு மேலெழும்பி நிப்பாரே, அதே சமாச்சாரம்தான். ஈர மையில குத்தி, காயறதுக்குள்ள எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டி விட்டுச் சூடு காட்டினா, பவுடர் உருகி மேடா, வழவழப்பா நின்னுரும். சொல்ல ரெண்டு வரி. செய்ய எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

முதல்ல மை. ஸ்டாம்ப் பேட் மையைத் தாள் சட்டுனு குடிச்சிருது, பவுடர் ஒட்டவே மாட்டேங்குது. கையால செய்த தாள் மேல கஞ்சி ஏறலைன்னா மையை உறிஞ்சத்தான் செய்யும். வடிச்ச கஞ்சியை மெலிசா ஒரு கை பூசிக் காய வச்சேன். மையில ரெண்டு சொட்டு கிளிசரின் கலந்தேன், அது சீக்கிரம் காயாது. ஒட்டுச்சு! ஆனா வேண்டாத இடத்துலயும் ஒட்டுச்சு. அதுக்குக் குத்தறதுக்கு முன்னாடியே தாள் மேல முகத்துக்குப் போடற பவுடரைத் துணியில முடிஞ்சு லேசாத் தட்டிக்கணும். நிலைமின்சாரம் போயிரும், துகள் உதிர்ந்துரும்.

அடுத்தது சூடு. தலை காய வைக்கிற டிரையரைக் காட்டினேன். பவுடரெல்லாம் பறந்து சட்னி ஜாடியில போய் உட்கார்ந்துச்சு. எலக்ட்ரிக் கடையில ஒரு ஹீட் கன் வாங்கினேன். அது ஒயருக்கு உறை சுருக்கறதுக்கான பெரிய பீரங்கி. மூணு நொடியில அட்டை பழுப்பாகி, நாலாவது நொடியில புகை. எதிர்வீட்டு பாபி கதவைத் தட்டி "தீதி, ஏதாவது கருகுதா?"ன்னு கேட்டுட்டாங்க. அப்புறம் கைவேலைக்குன்னே விக்கிற சின்னதா ஒண்ணு வரவழைச்சேன். ஒரே இடத்துல பிடிக்காம ஆட்டிக்கிட்டே இருக்கணும். மணல் மாதிரி மங்கலா கிடக்கிற பவுடர் திடீர்னு நெய் உருகற மாதிரி மினுங்கும். மினுங்கின உடனே எடுத்துரணும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் காட்டினா மேடு தாளுக்குள்ள இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஆயிரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். நிறமில்லாத பவுடர்ல கோலத்தை எம்பாஸ் பண்ணிட்டு, ஃபவுண்டன் பேனா மையைத் தண்ணியில கரைச்சு, நீலம், பச்சை, கொஞ்சம் சிவப்புன்னு அட்டை பூரா பிரஷ்ஷால இழுத்து விட்டுரணும். எம்பாஸ் ஆன கோடு மட்டும் மையை ஏத்துக்காது. துடைச்சு விட்டா, மயில் கழுத்து நிறத்துல வெள்ளைக் கோலம். முதல் தடவை அது வந்தப்போ ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் பண்ணி ரங்கமணியை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு, தூங்கு"ன்னாரு.

இப்போ அப்பா விஷயம்.

அப்பாவுக்குக் கிளாக்கோமா. கண்ணுல நீர் அழுத்தம்னு சொல்வாங்க. வலி கிடையாது, சிவக்காது. ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருடிக்கிட்டே வரும். நாம தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சமாளிச்சிருவோம், தெரியவே தெரியாது. போன பார்வை திரும்ப வராது, சொட்டு மருந்தெல்லாம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான். அப்பா வாசப்படியில ரெண்டு தடவை இடறி விழுந்ததை "வயசு"ன்னு விட்டுட்டோம். நான் கூட இருந்திருந்தா கவனிச்சிருப்பேனான்னு ஒரு கேள்வி ராத்திரியில வரும். தெரியலை. 2023 கடைசியில வெளிச்சம் எது, இருட்டு எதுங்கிற அளவுலதான் நின்னுது. (அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவங்களுக்கோ இருந்தா நமக்கும் வர வாய்ப்பு அதிகம். நாப்பது தாண்டினவங்க ஒரு தடவை அழுத்தமும் பார்வைப் பரப்பும் பார்த்துருங்க. நானும் பார்த்தேன், இதுவரைக்கும் ஒண்ணுமில்லை.)

அவர் வாழ்க்கையே காகிதத்துல எழுதின விலாசத்தைப் படிக்கிறதுதான். இப்போ ஃபோன்ல பேசுவார், ஆனா அஞ்சு நிமிஷம் தாண்டினா "சரி பாப்பா, உனக்கு வேலை இருக்கும்"னு வச்சிருவார்.

2024 பொங்கலுக்கு நான் பண்ணினதுலேயே நல்ல அட்டையை அவருக்கு அனுப்பினேன். தங்க நிற எம்பாஸிங்ல பெரிசா "பொங்கல் வாழ்த்துக்கள்". மேடாத்தானே இருக்கு, தடவிப் படிச்சிருவார்னு ஒரு நம்பிக்கை. அம்மா அவர் கையில கொடுத்துட்டு ஃபோனைப் பிடிச்சா.

"வழவழன்னு இருக்கு பாப்பா. கல்யாணப் பத்திரிகை மாதிரி."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியுதாப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு"ன்னாரு. யாராவது சமையல் எப்படி இருக்குன்னு கேட்டா சொல்வோமே, அந்தக் குரல்ல.

தேடிப் படிச்சுப் பார்த்தேன். இதே தப்பைப் பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் பண்ணியிருக்காங்க. 1780-கள்ல பாரிஸ்ல பார்வையில்லாதவங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச வாலன்டின் ஹயூய், சாதாரண எழுத்தையே புடைப்பா அச்சடிச்சுத்தான் புத்தகம் போட்டார். படிக்க முடிஞ்சுது, ஆனா ஒவ்வொரு எழுத்தையும் சுத்திச் சுத்தித் தடவணும். அதே பள்ளியில படிச்ச பையன் லூயி பிரெய்ல், சாதாரண எழுத்து வடிவத்தையே விட்டுட்டு, புள்ளியை வச்சு ஒரு முறை உண்டாக்கி 1829-ல வெளியிட்டார். விரலுக்குக் கோட்டை விடப் புள்ளி நல்லாத் தெரியும். அப்போ இருந்த புடைப்பு எழுத்து முறைங்க கத்துக்கக் கஷ்டமா இருக்குன்னு, 1840-கள்ல இங்கிலாந்துல வில்லியம் மூன்னு ஒருத்தர், எழுத்துங்களை ரொம்ப எளிமையாக்கிப் பெரிய கோடா ஒண்ணு உண்டாக்கினார். தமிழுக்கும் பிரெய்ல் இருக்கு. எழுபத்தெட்டு வயசுல அப்பாவைக் கத்துக்கச் சொல்ற தைரியம் எனக்கில்லை.

உருக்கின பவுடர் மேடு பார்க்கத்தான் அழகு, விரலுக்கு வழுக்கல். அதனால மையில்லாத எம்பாஸிங்குக்கு மாறினேன். இதுக்குச் சூடும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல எழுத்தை வெட்டி ஸ்டென்சிலாக்கி, ஜன்னல் கண்ணாடியில ஒட்டி, அது மேல தாளை வச்சா வெளிச்சத்துல உருவம் தெரியும். மை தீர்ந்த பால் பேனா முனையால ஓரம் ஓரமா அழுத்திக்கிட்டே போனா, அந்தப் பக்கம் புடைச்சு நிக்கும். சாங்கானேர்த் தாளை லேசா ஈரப்படுத்திக்கிட்டா எவ்வளவு அழுத்தினாலும் கிழியாது. பருத்தி இழை நீளம், இழுத்துக் கொடுக்கும். சாதாரண சார்ட் பேப்பர்னா டப்புனு வெடிச்சிரும்.

பூவும் கோலமும் பண்ணிப் பழகினேன். இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் பூ பூதான். 2025 பொங்கலுக்குத்தான் முதல் தடவையா எழுத்து. பெரிசா "பொங்கல்", கீழே தேதி, 14.1.25. ஏழாம் தேதி ராத்திரி முடிச்சேன், மறுநாள் காலையில போட்டாத்தான் போய்ச் சேரும். முடிச்சுத் திருப்பிப் பார்த்தா... எல்லாம் தலைகீழ்! ஸ்டென்சிலைப் படிக்கிற மாதிரி ஒட்டி வச்சு அழுத்தியிருக்கேன், புடைப்பு வர்ற பக்கம் பூரா கண்ணாடி பிம்பம். மணி பன்னெண்டு. மறுநாள் க்ளோசிங், ஆடிட் வேற. உட்கார்ந்து யோசிச்சேன். அப்புறம், "அப்பாவுக்குத் தெரியவா போகுது"ன்னு உறையில போட்டு ஒட்டிட்டேன்.

அதைத்தான் நான் நினைச்சேன். எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா நினைச்சேன்.

போகி அன்னிக்குச் சாயங்காலம் ஃபோன். அம்மா இல்லை, அப்பாவே போடச் சொல்லியிருக்கார்.

"பாப்பா, பதினாலு ஒண்ணு இருபத்தஞ்சு. சரியா?"

எனக்கு முதல்ல புரியலை. 

"ஏன் திருப்பிப் போட்டிருக்கே? முத்திரை குத்தப் போறியா?"

பேச்சே வரலைங்க எனக்கு. அப்புறம்தான் அவர் விளக்கினார். போஸ்ட் ஆபீஸ் தேதி முத்திரையில தேதி மாத்தறதுக்குச் சின்னச் சின்ன உலோக அச்சு இருக்கும். தினம் காலையில பெட்டியைத் திறந்து, நேத்து தேதியை இடுக்கியால எடுத்துட்டு இன்னிக்கு தேதியைச் செருகி, நோட்டுல ஒண்ணு குத்திப் பார்த்துட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கும். அச்சுல எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும், வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும். "கரண்ட் இருக்காது அப்பல்லாம் பாதி நாள். கையாலதான் பொறுக்குவேன். முப்பத்தெட்டு வருஷம்"னாரு. நேரா எழுதின நாலை அவர் விரல் தடவிப் பார்த்ததே இல்லை. தலைகீழ் நாலு தினம் தடவினது.

"பொங்கல்" படிச்சீங்களாப்பான்னு கேட்டேன். "ப தெரிஞ்சுது, அது ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே. மீதி ஒண்ணும் புரியலை, பொங்கலுக்கு வேற என்ன எழுதுவே?"ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

அன்னிக்கு அரை மணி நேரம் பேசினார். மறுநாள் இங்கே சங்கராந்தி, மொட்டை மாடி பூரா பட்டம், "வோ காட்டா"ன்னு ஊரே கத்துது. நான் உள்ளே உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் எழுதி வச்சதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எழுத்து ஒரு விரல் அகலத்துக்கு மேல வேண்டாம், விரல் ஓடித் தேட வேண்டியிருக்கு. ரெண்டு எழுத்துக்கு நடுவுல அரை விரல் இடம் விடணும். ஸ்டாம்ப் ஒட்டற மூலைக்கு நேரா புடைப்பு வைக்காதே, முத்திரை விழற இடம், நசுங்கும். உள்ளே ஒரு கெட்டி அட்டை வச்சு அனுப்பு. பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவா எழுது.

பின்கோடு பத்தி ஆரம்பிச்சா அவர் நிறுத்த மாட்டார். 1972 ஆகஸ்ட் 15-ல வந்தது. முதல் எண்ணைப் பார்த்தாலே எந்தப் பக்கம்னு தெரியும், ஆறுன்னா தமிழ்நாடும் கேரளாவும், மூணுன்னா உங்க ராஜஸ்தானும் குஜராத்தும். "உங்க ராஜஸ்தான்"னு அவர் சொன்னது கொஞ்சம் சுருக்குன்னு குத்திச்சு. போகட்டும்.

அதுலேர்ந்து மாசம் ஒரு அட்டை போகுது. மேல் பாதியில அம்மாவுக்காக வண்ணம், மை, பளபள எம்பாஸிங், கட்டைப் பூ. கீழ்ப் பாதியில அப்பாவுக்கு மையில்லாம வெறும் வெள்ளையில, தலைகீழா, ஒரு தேதி. எழுத்தெல்லாம் கிடையாது. நான் ஊருக்கு வர்ற தேதி. லீவு சாங்ஷன் ஆகாத மாசத்துல பையர் பரீட்சைத் தேதி, அம்மாவோட செக்கப் தேதி. ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாம ஒரு தடவை தேதி மாறிப் போச்சு. ஃபோன்ல சொன்னதை அவர் நம்பலை. "அட்டையில இருபத்திரெண்டுதானே இருக்கு"ன்னுட்டார். மறுபடி ஒண்ணு பண்ணி அனுப்ப வேண்டியதாச்சு, அது நான் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம்தான் வந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து உறையைப் பிரிச்சோம்.

போன மாசம் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. விலாசமும் பின்கோடும் அம்மா கையெழுத்து. பின்பக்கம் அப்பா. அம்மா கையைப் பிடிச்சு ஆரம்பிச்சு விட்டிருக்கா, அப்புறம் அவரே எழுதியிருக்கார். முதல் வரி நேரா இருக்கு. ரெண்டாவது வரி சரிஞ்சு போய் மூணாவது மேல ஏறிடுச்சு. பால் பேனாவை அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கார், முன்பக்கம் பூரா மேடு தட்டுது. டேபிள் லைட்டைப் பக்கவாட்டுல வச்சு, பூதக்கண்ணாடி வச்சு, ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கினேன். "பாப்பாவுக்கு", "உடம்பு", "கண் டாக்டர்", "மழை" வரைக்கும் தேறுச்சு. கடைசி வரியில ஒரு வார்த்தை மட்டும் என்ன பண்ணியும் படிக்க முடியலை.

ஃபோன் பண்ணிக் கேட்டேன். 

"எந்த வார்த்தை?"

"அதான் தெரியலைன்னுதானேப்பா கேட்கிறேன்!"

"எனக்கும் மறந்து போச்சு பாப்பா. எப்ப வரேன்னு கேட்டிருப்பேன்"னாரு.